அத்தான் வேன் விற்ற வாரம்

எங்கள் பக்கத்தில் யாராவது வீடு மாற்றுகிறார்கள் என்றால் முதலில் தேடுவது என் அத்தானைத்தான். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஊருக்கு அவர் பேர் ‘அலுங்காமல்’. "அலுங்காம குலுங்காம கொண்டுபோய் எறக்கிடுவேன்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே பேராக ஒட்டிக்கொண்டது. "அலுங்காமலைக் கூப்பிடுங்க" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடமாக அவரிடம் இருந்தது ஒரே வேன். சாம்பல் நிற டீசல் வேன். அவர் வாங்கும்போதே அது ஒருவர் கை பட்டதுதான். பக்கவாட்டுக் கதவை இழுத்தால் திறக்காது, கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். டீசல் முள் எப்போதும் பாதியில் நிற்கும், நிரப்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. ஓட்டுநர் இருக்கையில் அத்தான் உட்கார்ந்த இடம் மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. ஆனால் பாதி வழியில் நின்று ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் விட்ட பழி அந்த வண்டிக்குக் கிடையாது. எத்தனை பீரோ, எத்தனை கட்டில், எத்தனை தொட்டில் அதில் ஏறி இறங்கியிருக்கும் என்று கணக்கே இல்லை. ஒரு தம்பதி சண்டை போட்டுக்கொண்டு ஒரே மாதத்தில் மூன்று முறை பிரிந்து மூன்று முறை சேர்ந்தார்கள். அந்த ஆறு தடவையும் மெத்தையைச் சுமந்தது இந்த வேன்தான். ஆறாவது தடவை அத்தான் கூலி வாங்கவில்லை. "இதுக்கு மேல வாங்கினா நான் அவங்க சண்டையில பங்காளி ஆயிடுவேன்" என்றார்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கிறேன். ஜன்னலுக்கு நேர் கீழே வேன் நிற்கும். அதனால் அத்தானின் காலை நேரம் எனக்கு அத்துப்படி.

போன மாதம் ஒரு நாள் அவர் பத்து மணிக்கே திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அக்காவிடம் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு டாக்டரப் பாத்துட்டு வந்தேன். கிட்டத்துல இருக்கறது எல்லாம் நல்லாத் தெரியுமாம். தூரம்தான் போயிட்டே இருக்காம், கண்ணாடி போட்டாலும் சரிவராதாம். சொட்டு மருந்து விட்டா இதோட நிக்கும்னாங்க. வண்டி மட்டும் ஓட்டக் கூடாதாம்."

"யாரையும் இடிச்சிட்டீங்களா?" என்று அக்கா பதறினாள்.

"இடிக்கறதுக்கு முன்னாடிதானே போகணும்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. "தெரு முனை வரைக்கும் ஓட்டினா யாரு பாக்கப் போறா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அத்தான் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போனார். யார் பார்ப்பார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

இனி என்ன செய்வது என்று நாங்கள் மலைத்து உட்காரும் முன்பே ஆண்டவன் ஒரு வழியைக் கண்ணில் காட்டினான். கடைத்தெருவில் கண்ணாடி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையைக் காலி செய்தார். ஷட்டர் போட்ட இரண்டு அறை. வீடு மாற்றுகிறவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். கால் ஆடும் மேசை, கண்ணாடி போன அலமாரி என்று அத்தான் அவற்றை வாங்கி வந்து சரிசெய்து யாருக்காவது கொடுப்பது பழக்கம். ஒரு பெரிய அலமாரியைப் பதினோரு துண்டாகப் பிரித்து, புது வீட்டில் ஒரு திருகாணி மிச்சம் இல்லாமல் பூட்டி நிறுத்துவார். அதற்குத் தூரப்பார்வை வேண்டாம். அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம், பழைய மரச்சாமான் கடை போடலாம் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம்.

முன்பணத்துக்கு வேனைத்தான் விற்க வேண்டும். வேறு சேமிப்பு இல்லை. கடைக்குச் சொந்தக்காரம்மா நல்லவர்தான். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. செல்போன் கடைக்காரர் தெனமும் வந்து நிக்கறாரு."

அன்று திங்கட்கிழமை.

அன்று மாலையே பெயிண்ட் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, "நல்லா இருக்கே" என்றார். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

"இருங்க, சொல்லிடறேன். கதவைத் தூக்கி இழுக்கணும். மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், செல்லமாப் போடணும். மழை பேஞ்சா பக்கத்து சீட்டுல ஒழுகும். டீசல் முள்ள நம்பாதீங்க. அந்த வைப்பர்..."

"அது என்ன?"

"அது சும்மா இருக்கு. அழகுக்கு."

கான்ட்ராக்டர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி விக்கறீங்களா, இல்ல அதோட பாவத்தையெல்லாம் ஒப்பிக்கறீங்களா?"

"நாளைக்கு மழையில அவர் நனைஞ்சா என்னைத்தானே நெனைப்பாரு?"

"நெனைக்கட்டுமே! யாராவது ஒருத்தர் நெனைச்சாதான் என்ன!"

செவ்வாய்க்கிழமை பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். அவர் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியைக் கையால் தட்டி, எடை என்ன வரும் என்று மனக்கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னார். கடை முன்பணத்தில் பாதிக்குக்கூட அது வராது. அத்தான் மெதுவாகச் சொன்னார்: "இது நாளைக்குக் காலையில ஓடற வண்டிங்க. இதைப் போய் நிறுத்துப் பாக்கறீங்களே." இரும்புக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். "வேற ஆள் கெடைக்கலைன்னா சொல்லியனுப்புங்க" என்ற வார்த்தையை மட்டும் விட்டுப் போனார். அது வீட்டில் கொசு போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை ஒருவரும் வரவில்லை.

வியாழக்கிழமை செடிக்காரம்மா வருவதாகத் தகவல் வந்தது. ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறவர். விடிவதற்கு முன்பே பூச்செடிகளையும் நாற்றுகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக அவருக்கு வேன் வேண்டும். இவரையும் விட்டால் இரும்புக்காரர்தான் கதி என்று அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"சின்னவளே, இங்க வா. நாலு நாளா சும்மா நிக்குது, இந்தக் குளிர்ல இது இருமி இருமித்தான் கெளம்பும். அந்தம்மா வரும்போது நாலு இருமல் இருமினா எழுந்து போயிடுவாங்க. இப்பவே கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடு பண்ணி வச்சிட்டா, தொட்டதும் கெளம்பிடும் இல்ல?"

"அத்தான் ஓட்டக் கூடாதுன்னாரே."

"ஓட்டவா போறோம்? நின்ன எடத்துல உறுமட்டும்."

எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இருக்கையில் ஏறி, கியர் நடுவில் இருக்கிறதா என்று நான் கேட்க, இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, சாவியைத் திருகினாள். வண்டி முனகியது. மறுபடி திருகினாள். மறுபடி முனகல். நான்காவது தடவை வேண்டா வெறுப்பாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்தோம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தில் அத்தானுக்கு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி சமையலறையில் போய் நின்றுகொண்டோம்.

செடிக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணில் மண். அதிகம் பேசவில்லை. அத்தான் வழக்கம்போல வண்டியின் குறைகளை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கதவைத் தூக்கி இழுத்துப் பார்த்தார். கீழே குனிந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கு மனசுக்குள் நன்றி சொல்லும் வார்த்தைகள் வந்துவிட்டன.

"கடைசியா எப்ப ஸ்டார்ட் பண்ணினீங்க?" என்று கேட்டார்.

"நான் தொட்டுப் பத்து நாள் ஆச்சுங்க. மெக்கானிக்தான் ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டாரு. நாலு நாளா அப்படியேதான் நிக்குது."

செடிக்காரம்மா முன்னால் போய், என்ஜினை மூடிய பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அத்தானைப் பார்த்தார்.

"நாலு நாளா நிக்குதா?"

"ஆமாங்க."

"கை வச்சுப் பாருங்க."

அத்தான் கை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இருந்தது எல்லாமே பழைய வண்டிதாங்க" என்றார் செடிக்காரம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "சூடாக்கி வச்சுக் காட்டறாங்கன்னா குளிர்ல கெளம்பாதுன்னு அர்த்தம். எனக்கு வேலையே காலையில நாலரைக்குத்தான். நீங்க இவ்வளவு குறையச் சொன்னதும் உண்மையான ஆளுன்னு நெனைச்சேன். பெரிய குறைய மறைக்கத்தான் சின்னக் குறையச் சொன்னீங்க போல."

அவர் நடந்து போய்விட்டார். அத்தான் கூப்பிடவில்லை. பானட்டின் மேல் வைத்த கையோடு அப்படியே நின்றார்.

அக்கா எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். நானும் என் பங்கைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அவர், "இத்தன வருஷத்துல என்னை ஒருத்தரும் பொய்யன்னு சொன்னதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்று எனக்குத் தையல் ஓடவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அதுவும் ஓடவில்லை. செய்ததைச் சரிசெய்யாமல் ஆண்டவனிடம் எந்த முகத்தோடு கேட்பது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தான் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் பஸ் ஏறி அந்தம்மா பண்ணைக்குப் போங்க. யாரு செஞ்சது, ஏன் செஞ்சதுன்னு சொல்லிட்டு வாங்க. வண்டிய வாங்கிக்கங்கன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

"வண்டியப் பத்திப் பேசாம இதை எப்படிங்க சொல்றது?" என்றாள் அக்கா.

"அது உன் சாமர்த்தியம். நேத்து அவ்வளவு சாமர்த்தியம் இருந்துச்சே."

பண்ணையில் கறுப்பு வலைக்கு அடியில் வரிசை வரிசையாக நாற்றுப் பைகள். ஓரமாக அந்த அம்மாவின் பழைய வேன் சக்கரம் இல்லாமல் நின்றது. அதன் மேல் பூவாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். செடிக்காரம்மா எங்களைப் பார்த்ததும், "விலையக் குறைச்சிருக்காரா?" என்றார்.

அக்கா நின்ற இடத்திலேயே கடகடவென்று ஒப்பித்தாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. குளிச்சிட்டு இருந்தாரு. நான்தான் சாவியத் திருகினேன். இவ பக்கத்துல நின்னா. வண்டி நல்லாவே கெளம்பும், எனக்குத்தான் அதைக் கெளப்பத் தெரியல. உங்கள வாங்கச் சொல்லிக் கேக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாரு. அதனால நான் கேக்கல."

செடிக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"நான் கியர் நடுவுல இருக்கான்னு கேட்டேங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வர்றேன்னு சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன். வந்தா சொல்லாமத்தான் வருவேன்."

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலை.

சனிக்கிழமை நான் கண் விழித்தபோது ஜன்னலுக்குக் கீழே ‘சூ, சூ’ என்று சத்தம். அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பானட் மேல் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்கித் தொலையேன்! உன் வயித்துச் சூட்டுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தெருவிளக்கு அணையும் முன்பே செடிக்காரம்மா கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் கீழே ஓடினேன். அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த அம்மா யாரிடமும் பேசாமல் பானட்டில் கையை வைத்தார். ஐஸ் கட்டி போல இருந்திருக்கும், சட்டென்று எடுத்துவிட்டார். நல்லவேளை, பூனை படுத்திருந்த மூலையை அவர் தொடவில்லை.

"சாவியக் குடுங்க. நானே திருப்பறேன்."

"திருப்புங்க. ஆனா உடனே திருப்பாதீங்க" என்றார் அத்தான். "சாவிய மொதல் கட்டுல வச்சுட்டு என்ஜின் ஹீட்டர் சூடாகற வரைக்கும் பொறுக்கணும். சூடானா ஒரு லைட் அணையும். அந்த லைட் பீஸ் போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

"லைட் இல்லாம எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

அத்தான் தலையைச் சொறிந்தார். அவருக்கு வெட்கம் வந்தது. "கணக்கு வச்சதில்லைங்க. கண்ண மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லுவேன். அது முடிஞ்சதும் திருப்புவேன். கெளம்பிடும்."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடமாக அவர் உதடு அசைவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு வண்டியோடு சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. அதனால்தான் அவள் கைக்கு அது முரண்டு பிடித்திருக்கிறது.

"அப்ப நீங்க சொல்லுங்க. நான் வாட்ச்சப் பாத்துட்டே திருப்பறேன்" என்று செடிக்காரம்மா ஏறி உட்கார்ந்தார்.

அத்தான் வேன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

"ஆண்டவனே, இன்னைக்கு இவங்க போற எடத்துல இவங்களுக்கு நல்லது நடக்கட்டும். ஏத்தினது எதுவும் ஒடையாம எறங்கட்டும். எதிர்ல வர்றவங்களையும் பின்னாடி வர்றவங்களையும் பத்திரமா வீடு சேத்துடு. எனக்குக் கோபம் வராமப் பாத்துக்க. உன்ன நம்பித்தான் எடுக்கறேன்."

கண்ணைத் திறந்து, "இப்பத் திருப்புங்க" என்றார்.

செடிக்காரம்மா திருப்பினார். ஒரே திருப்பு. இருமல் இல்லை, முனகல் இல்லை. ஒரு வெள்ளைப் புகையை விட்டு வேன் தன் பழைய தாளத்தில் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அக்கா என் தோளில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

"இருபது செகண்ட்" என்றார் செடிக்காரம்மா. பிறகு அணைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஜெபம் பண்ற பழக்கம் இல்லீங்க. நான் எண்ணிக்கறேன்" என்றார்.

நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"எண்ணினாலும் கெளம்பும்ங்க. ஹீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த அம்மாவை ஏமாற்றாமல் விட அதைவிட நல்ல பதில் இல்லை. இருபது செகண்ட் பொறுமையாக உட்காருகிறவரை ஆண்டவன் தன் கணக்கில் எப்படியாவது சேர்த்துக்கொள்வான்.

செடிக்காரம்மா வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கிறது என்றார். "செல்லமாப் போடணும்" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். விலை பேசினார்கள். அவர் கொஞ்சம் ஏறினார், அத்தான் கொஞ்சம் இறங்கினார். எங்களுக்குத் தேவையானது கிடைத்தது. வண்டிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபோது அத்தானின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு போட்டுவிட்டார்.

"எங்க போகணும்னு சொல்லுங்க, எறக்கி விடறேன்" என்றார் செடிக்காரம்மா.

அத்தான் முதல் முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. "உங்க பக்கம் பிரேக் இல்லீங்க" என்றார் செடிக்காரம்மா. "தெரியுதுங்க, காலுக்குத்தான் தெரியல" என்றார் அத்தான்.

கடை வாசலில் செல்போன் கடைக்காரர் முன்னமே வந்து நின்றிருந்தார். சொந்தக்காரம்மா எங்களைப் பார்த்ததும் அவரிடம் கையை விரித்துவிட்டு, முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியை அக்காவிடம் கொடுத்தார். அத்தான் குனிந்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளே தரை முழுக்கக் கண்ணாடித் தூள் மினுங்கியது. சுவரில் ஒரு பெரிய கண்ணாடி சாய்ந்திருந்த தடம். காலை வெயில் நேராக இரண்டாவது அறை வரைக்கும் போனது.

செடிக்காரம்மா கிளம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாத்து வச்சு வேலை செய்ய எனக்கு ஒரு மேசை வேணும். அகலமா, தண்ணி பட்டாலும் தாங்கறதா. கிடைக்குமா?"

அத்தான் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"உக்காந்து வேலை செய்வீங்களா, நின்னுக்கிட்டா?"

"உக்கார எங்கங்க நேரம்!"

"அப்ப நேரா நில்லுங்க."

அவர் நாடாவைத் தரையிலிருந்து அந்த அம்மாவின் முழங்கை வரைக்கும் பிடித்து, எண்ணைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து படித்தார். என்னிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். அக்கா அதற்குள் பக்கத்துக் கடையில் விளக்குமாறு கேட்டு வாங்கப் போயிருந்தாள்.